ஸ்ரீல்ஸுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்

கனடாவில் ஸ்காபரோவையும் மார்க்கத்தையும் பிரிப்பது ஸ்ரீல்ஸ் அவெனியூ. தெருவுக்குத் தெற்கே, ஸ்காபரோவும் அடங்கிய ரொறொன்ரோ மாநகரம், வடக்கே மார்க்கம். கடை, கோயில், ரியூஷன், கலியாண மண்டபம் என்று எதற்கெடுத்தாலும் இந்தத் தெருவைக் கடந்து போய் வருகிறோம். எல்லை என்ற நினைப்பே வருவதில்லை. குப்பை வைக்கும் நாளில் மட்டும்தான் அது தெரியும். என் வீட்டு வாசலில் சில்லுப் பூட்டிய கார்பேஜ் பின் நிற்கிறது. அங்கால், மார்க்கத்தில் இருக்கும் மச்சாள் வீட்டில் குப்பையைப் பையில்தான் வைக்கிறார்கள், அதுவும் 2013 முதல் உள்ளே கிடப்பது வெளியே தெரிகிற பையில். பிரம்டனில் இருக்கும் தங்கச்சிக்கு மூன்றாவது சட்டம்.

புதிதாக வீடு வாங்கியவர்களும் பேஸ்மென்டுக்கு வாடகைக்கு வந்தவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எதை எதுக்குள்ள போடுறது? லிஸ்ட் ஏதும் இருந்தாத் தாங்கோ." லிஸ்ட் மாநகரத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. பொருளின் பெயரைத் தட்டினால் எந்தப் பின் என்று சொல்லும் வேஸ்ட் விசார்ட் என்ற பக்கமும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும், என்னைக் கேட்கக் கூடாது. ஆனால் லிஸ்ட்டைப் பாடமாக்கிக் குப்பை பிரித்த ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. ஒவ்வொரு பின்னும் வாசலை விட்டு எங்கே போகிறது, அங்கே எந்த மெஷினுக்குள் விழுகிறது என்று ஒருமுறை விளங்கிவிட்டால் கை தானாகப் பிரிக்கும்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கழிவு போகும் கிரீன் பின் கிழமைக்கு ஒருமுறை. கார்பேஜ் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. இடையில் வரும் கிழமை, மறுசுழற்சிச் சாமான் போகும் புளூ பின். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு முன் வெளியே வைக்கக் கூடாது, காலை ஏழு மணிக்குள் வைத்துவிட வேண்டும். சில்லுகள் வீட்டைப் பார்த்தபடி, ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவில் அரை மீற்றர் இடைவெளி, மூடி முழுதாக மூடியிருக்க வேண்டும். இது கார்பேஜ் கிழமையா புளூ பின் கிழமையா என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. எங்கள் தெருவில் முதலில் வெளியே வைக்கிறவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வைக்கிறார்கள். அவர் பிழைவிட்டால் அன்றைக்கு முழுத் தெருவும் பிழை. கலண்டரைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த ஒழுங்கில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கார்பேஜ் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் எடுபடும். ஆகவே மணக்கிற எதுவும் அதற்குள் போகக் கூடாது. மணக்கிறதை எல்லாம் கிழமைதோறும் எடுக்கிற கிரீன் பின்னுக்குள் தள்ளிவிட்டால், கார்பேஜ் பின்னில் மிஞ்சுவது கொஞ்சம். வீட்டுக் குப்பைச் சண்டைகளில் பெரும்பாலானவை அதோடு தீர்ந்துவிடும்.

சண்டை என்று சும்மா சொல்லவில்லை. ஸ்காபரோவில் பல வீடுகளில் மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்டில் ஒரு குடும்பம். கார்பேஜ் பின் பொது. எங்கள் பேஸ்மென்டில் இருந்த இளம் குடும்பத்துக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் அந்தப் பெடியன் மேலே வந்து நின்றார்.

"அன்ரி, இன்னும் ஒரு கிழமை கிடக்கு, பின் மூடுதில்லை."

திறந்து பார்த்தால் மேல்பாதி முழுக்கச் சுருட்டி ஒட்டிய பம்பேர்ஸ்.

"தம்பி, பம்பேர்ஸ் கிரீன் பின்னுக்கெல்லோ போறது?"

"அது பிளாஸ்ரிக் எல்லே அன்ரி?"

நியாயமான கேள்வி. அவர் அதற்கு முன் பிரம்டனில் இருந்தவர். பிரம்டன் பீல் பகுதிக்குள் வருகிறது. அங்கே பம்பேர்ஸ் குப்பைக்குத்தான் போக வேண்டும். கிரீன் பின்னுக்குள் சாதாரண பிளாஸ்டிக் பையும் போடக் கூடாது, மக்கும் பைதான். காரணம், அங்கே சேர்வதைக் காற்றோட்டம் கொடுத்து மக்க வைத்து நேரே உரமாக்குகிறார்கள். பிளாஸ்டிக் கலந்தால் உரத்தில் அப்படியே துண்டு துண்டாகக் கிடக்கும்.

ரொறொன்ரோவின் கதை வேறு. எங்கள் கிரீன் பின்னில் சேர்வதைப் பதப்படுத்த மாநகரத்துக்கு டஃபரினிலும் டிஸ்கோ ரோட்டிலும் இரண்டு ஆலைகள். அங்கே முதல் வேலையே எல்லாவற்றையும் தண்ணீரோடு பெரிய கலனுக்குள் விட்டு அடித்துக் கூழாக்குவதுதான். பாரமான கல்லும் கண்ணாடியும் அடியில் தங்கும். பிளாஸ்டிக் மேலே மிதக்கும், அதை வாரி எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய கூழ் காற்றுப் புகாத தாங்கிகளுக்குள் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்கும். திண்மமாக மிஞ்சுவது உரமாக்கப் போகும். டஃபரின் ஆலையில் வரும் வாயுவைச் சுத்திகரித்து 2021 முதல் ஊருக்கான இயற்கை எரிவாயுக் குழாயிலேயே சேர்க்கிறார்கள். நேற்றைய சோறு இன்றைக்கு யாருடைய அடுப்பிலோ எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கலன் விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். பம்பேர்ஸின் பிளாஸ்டிக் மிதந்து போய்விடும், அதனால் அது கிரீன் பின். மாதவிடாய் நாப்கினும் பூனை மண்ணும் கிரீன் பின்தான். எலும்பு, மீன் முள், நண்டுக் கோது, பழைய கறி, எண்ணெய் பிடித்த பேப்பர் டவல், பூச்சாடியில் காய்ந்த செடி, எல்லாம் போகும். ஈரத் துடைப்பான்கள் மட்டும் போகாது. பம்பேர்ஸோடு சேர்த்துச் சுருட்டிவிடாமல் பார்க்க வேண்டும். காசு கொடுத்து மக்கும் பை வாங்கத் தேவையில்லை, கடைப் பை போதும், எப்படியும் கிழித்து எடுத்துவிடப் போகிறார்கள். 'மக்கக்கூடியது' என்று அச்சடித்த கோப்பையும் கரண்டியும் இங்கே கிரீன் பின்னுக்குள் போகாது. ஆலையில் கூழ் இருக்கும் கொஞ்ச நாளுக்குள் அவை மக்க மாட்டா. பிறந்தநாள் விழா முடிந்து, நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்போடு இவற்றைக் கிரீன் பின்னுக்குள் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவை கார்பேஜ்தான்.

பெடியனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. "மெஷின் பிளாஸ்ரிக்கை எடுத்துப்போடும், நீங்கள் பயப்படாமல் போடுங்கோ" என்றேன். அடுத்த கிழமையே கார்பேஜ் பின் பாதிக்கு இறங்கிவிட்டது.

பம்பேர்ஸ் குழந்தை வளர்ந்தால் நின்றுவிடும். எங்கள் ஆட்களின் நிரந்தரப் பிரச்சினை மீன். கிழமை முடிவில் மீனும் றாலும் வாங்குகிறோம், கிரீன் பின் நாளோ கிழமை நடுவில். யூலை வெயிலில் றால் தலை நாலு நாள் தொட்டிக்குள் கிடந்தால் அந்தப் பக்கமே போக முடியாது. மூடியைத் திறந்தால் புழு நெளியும். அதற்கு இங்கே கைகொடுப்பது பால் பை. ஒன்ராறியோவில் நாலு லீற்றர் பால் மூன்று சின்னப் பைகளாக ஒரு பெரிய வெளிப் பைக்குள் வரும். அந்த வெளிப் பை தடிப்பானது, ஒழுகாது. மீன் குடலையும் றால் கோதையும் அதற்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு ஃபிரீசரின் அடித்தட்டில் வைத்துவிடுவேன். பின் வெளியே போகும் இரவில்தான் எடுப்பேன். கல்லு மாதிரி விழும், ஈ அண்டாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் ஐஸ் எடுக்கப் போய் இது என்ன மீன் என்று கேட்டது வேறு கதை.

குளிர்காலத்தில் தொல்லை தலைகீழ். ஈரக் கழிவு பின்னின் அடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். லொறி கவிழ்த்தாலும் பாதி விழாது. நீங்கள் வெறும் பின் என்று இழுத்து வருவது பாதி நிறைந்த பின். அடியில் மட்டைப் பெட்டித் துண்டு ஒன்றை விரித்து, கழிவையெல்லாம் பையில் கட்டிப் போட்டால் ஒட்டாது. தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையும் இதற்கு நல்லது, செய்தி வாசித்த பிறகு. பனி குவிந்த மேட்டில் பின்னை ஏற்றி வைக்காமல், சவளால் ஒரு இடம் வெட்டி நிலத்தில் வையுங்கள்.

இரவில் குப்பையைக் கிளறும் ரக்கூன் என்ற விலங்கைச் சொல்லாமல் கிரீன் பின்னை முடிக்க முடியாது. 2002-ல் ரொறொன்ரோவில் கிரீன் பின் தொடங்கியபோது கொடுத்த சின்னத் தொட்டியை அது மனிதரைப் போல இரண்டு கையாலும் திறக்கும். காலையில் வாசல் முழுக்கக் கோழி எலும்பு. பிறகு மாநகரம் 31 மில்லியன் டொலர் ஒதுக்கி, 2016-ல் பூட்டு வைத்த புதுப் பின்களைக் கொடுக்கத் தொடங்கியது. மூடியில் ஒரு திருகு இருக்கிறது. மனிதர் திருப்பினால் திறக்கும், லொறி கவிழ்க்கும்போது பூட்டு தானாக விடும். அந்தத் திருகைச் சரியாகத் திருப்பி மூடினால் போதும். மேலே கல் ஏற்றுவதும் கயிற்றால் கட்டுவதும் இப்போது தேவையில்லை. கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நிற்க லொறிக்காரருக்கு நேரமும் இல்லை.

இன்னொரு பழைய சந்தேகம்: "எல்லாத்தையும் ஒரே லொறிக்குள்ளதானே கொட்டுறாங்கள், பிறகு ஏன் பிரிப்பான்?" லொறி ஒன்றுதான். உள்ளே இரண்டு அறை. கிரீன் பின் ஒன்றுக்குள், கார்பேஜ் மற்றதுக்குள். வாசலில் நின்று பார்த்தால் தெரியாது.

புளூ பின்னில் பேசக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் அண்மையில் மாறியிருப்பதால் கவனம் வேண்டும். 1981-ல் ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியதுதான் இந்த நீலப் பெட்டி. இவ்வளவு காலமும் மாநகரங்களே இதை நடத்தி, செலவில் பெரும் பங்கைச் சுமந்தன. இப்போது பொதிகளைச் சந்தைக்கு விடும் கம்பனிகளே முழுச் செலவையும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது மாகாணச் சட்டம். அவற்றுக்காக சர்குலர் மெற்றீரியல்ஸ் என்ற அமைப்பு வேலையை நடத்துகிறது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோ முழுவதற்கும் ஒரே லிஸ்ட். முன்பு கார்பேஜுக்குப் போன கோப்பிக் கோப்பை, பற்பசை ரியூப், கறுப்புப் பிளாஸ்டிக் உணவுப் பெட்டி எல்லாம் இப்போது புளூ பின்னுக்குப் போகும். பழைய பழக்கத்தில் இன்னும் குப்பைக்குள் எறிகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கார்பேஜ், கிரீன் பின் முறைப்பாட்டுக்கு வழமைபோல மாநகரத்தின் தொலைபேசி எண் 311. புளூ பின் எடுபடவில்லை என்றால் அதை எடுக்கிற ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

புளூ பின் போகும் இடத்தில் ஓடும் பட்டிகளும் காந்தமும் ஒளியால் பிளாஸ்டிக்கை இனம் காணும் கருவிகளும் இருக்கின்றன. கடதாசிக்கு எண்ணெயும் ஈரமும் ஆகாது. கொத்துரொட்டி வந்த அலுமினியத் தட்டைக் கழுவாமல் போட்டால், அதிலிருக்கும் எண்ணெய் பக்கத்தில் கிடக்கும் நல்ல மட்டையையும் கெடுக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தேவையில்லை; பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசு போதும். கறுப்புப் பையில் கட்டிப் போட்டால் உள்ளே என்ன என்று பட்டியில் நிற்பவர்களுக்குத் தெரியாது, அது அப்படியே குப்பைக்குப் போகும். தனித்தனியாக, தளர்வாகப் போட வேண்டும்.

வருசம் முடிய ஒரு சங்கடம் வரும். கடைகள் தரும் கலண்டரில் பிள்ளையார், முருகன், மாதா எல்லோரும் இருப்பார்கள். தாள் என்ற முறையில் அது புளூ பின். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அதை அங்கே போட மனம் வராது; படத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் போடுவார்கள். சாமியறைப் பூவையும் ரோசா அடியில் போடுகிறார்கள். அது எந்த லிஸ்டிலும் இல்லாத, ஆனால் சரியான இடம்.

பியர், வைன் போத்தலைப் புளூ பின்னில் போடாமல் திருப்பிக் கொடுத்தால் வைப்புக்காசு கிடைக்கும், சின்னதுக்குப் பத்து சதம், பெரிதுக்கு இருபது. எங்கள் தெருவில் பின் வைக்கும் இரவுகளில் ஒரு வயதான அம்மா தள்ளுவண்டியோடு வந்து போத்தல் பொறுக்குகிறார். நாங்கள் போத்தல்களை ஒரு பையில் கட்டி மூடிக்குப் பக்கத்தில் தொங்கவிடுகிறோம், அவர் இருட்டில் பின்னைக் கிளறத் தேவையில்லை.

எந்தப் பின்னுக்கும் போகக் கூடாதவை சில உண்டு. பற்றரி முதலாவது; லிதியம் பற்றரி நசுங்கினால் லொறிக்குள்ளேயே தீப்பிடிக்கும். பெயின்ற், கிருமிநாசினி, காஸ் சிலிண்டர் எல்லாம் அபாயக் கழிவு. மாநகரத்தின் கழிவு நிலையங்களில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கார் இல்லாதவர்கள், ஓரளவு சேர்ந்த பிறகு 'ரொக்ஸிக் ராக்ஸி'யைக் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து இலவசமாக எடுப்பார்கள். மிஞ்சிய மருந்தை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கலாம். பழைய ரீவி, கணினி போன்றவற்றை கார்பேஜ் நாளில் பின்னுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி வைத்தால் எடுப்பார்கள். சோபா, மெத்தையும் அப்படித்தான். பழைய இரும்புச் சாமான் லொறி வரும்வரை நிற்காது, இரவே யாராவது வான் கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள்.

பொரித்த எண்ணெய்க்கு வருகிறேன். ரோல்ஸும் வடையும் சுட்ட சட்டியை சிங்குக்குள் கவிழ்க்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. எண்ணெய் குழாய்க்குள் போய் உறைந்து அடைக்கும். பேஸ்மென்ட் இருக்கிற வீட்டில் அடைப்பு எடுத்த தண்ணீர் முதலில் மேலே வருவது பேஸ்மென்டில்தான். கொஞ்சமாக இருந்தால் பேப்பர் டவலில் ஊறவிட்டுக் கிரீன் பின். நிறைய என்றால் பழைய போத்தலில் ஊற்றி, கழிவு நிலையத்துக்குப் போகிற நாளுக்கு எடுத்து வையுங்கள்.

தோட்டக் கழிவுக்குத் தனி நேரம்: மார்ச் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை. கடதாசிப் பையிலோ மூடியில்லாத உறுதியான தொட்டியிலோ வைக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் வைக்கக் கூடாது. பயிற்றங்காய்க் கொடி, தக்காளிச் செடி, உதிர்ந்த மேப்பிள் இலை எல்லாம் அதற்குள். மண்ணை உதறிவிட்டுப் போடுங்கள், மண் எடுக்க மாட்டார்கள்.

இவ்வளவும் போன பிறகு மிஞ்சுவதுதான் கார்பேஜ். ரொறொன்ரோவின் குப்பை நெடுங்காலம் நகரத்துக்கு வடக்கே இருந்த கீல் வாலி என்ற குப்பைமேட்டுக்குப் போனது. 2002 முடிவில் அது மூடப்பட்டது. அதன் பிறகு 2010 முடியும்வரை லொறி லொறியாக எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனது. 2007-ல் மாநகரம் இங்கிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர் தென்மேற்கே, லண்டன் பக்கமுள்ள கிரீன் லேன் என்ற குப்பைமேட்டை விலைக்கு வாங்கியது. 2011 முதல் எங்கள் குப்பை அங்கே போகிறது. அது 2035 அளவில் நிறைந்துவிடும் என்கிறார்கள். அடுத்தது எங்கே என்பதைப் பற்றி ஊரில் யாரும் ஆர்வமாகக் கை தூக்குவதாகத் தெரியவில்லை. 2009 கோடையில் மாநகர ஊழியர்கள் 39 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது கிறிஸ்ரி பிற்ஸ் போன்ற பூங்காக்களில் குப்பை மலையாகக் குவிந்ததை அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் மீன் வாங்குவதையே குறைத்தவர்கள் உண்டு.

கார்பேஜுக்கான காசு தண்ணீர் பில்லோடு சேர்ந்து வருகிறது, பின்னின் அளவைப் பொறுத்து. சின்னது ஒரு பை கொள்ளும், நடுத்தரம் ஒன்றரை, பெரிது மூன்று, மிகப் பெரிது நாலரை. பக்கத்தில் மேலதிகப் பை வைத்தால் காசு கொடுத்து வாங்கிய ராக் என்ற சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கிரீன் பின்னுக்கு அப்படி அளவுக்கேற்ற கட்டணம் கிடையாது. பேஸ்மென்டில் ஆள் வந்ததும் வீட்டுக்காரர்கள் முதலில் செய்வது பெரிய கார்பேஜ் பின்னுக்கு எழுதிக் கொடுப்பது. அவசரப்படாதீர்கள். முதலில் கீழ் வீட்டுக்கும் ஒரு சின்னக் கிரீன் தொட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கொடுங்கள், கார்பேஜ் கிழமை எது என்ற கலண்டரின் பிரதி ஒன்றை அவர்களின் கதவிலும் ஒட்டுங்கள், பின்னை யார் வெளியே இழுப்பது என்று வாடகை பேசும்போதே பேசி முடியுங்கள். இரண்டு மாதம் பாருங்கள். நாங்கள் மிகப் பெரியதில் இருந்தோம். இப்போது நடுத்தரம், இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து.